ஜீப்பு போகும் வழி

அண்ணன் கம்பிப்பாரையால் ஜீப்பில் பின்னால் பார்க்கும் வலது பக்கக் கண்ணாடியை அடித்து உடைத்தபோது நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளேதான் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடித் தூள் என் கன்னத்தில் வந்து ஒட்டியது. அவன் அவசரப்படவில்லை. வண்டியின் முன்பக்கமாகவே நடந்து இடது பக்கம் போய் அந்தக் கண்ணாடியையும் அடித்தான். வந்ததுதான் வந்தோம் என்பதுபோல ஹெட்லைட் ஒன்றையும் குத்தி உடைத்தான்.

பின்னால் சிமெண்டு மூட்டைகள் இருந்தன. வண்டியின் ஒரு பக்கம் அவன் வீட்டு அடுக்களைச் சுவர். மறுபக்கம் கையாலை, அதாவது அடுத்தவருடைய ரப்பர் விளையின் கல்மதில். நடுவே வண்டிக்கு இரு பக்கமும் ஒரு சாண் இடைவெளிதான். நான் சட்டென்று இறங்க முடியாத அந்த இடத்தைப் பார்த்துத்தான் அவன் வந்திருந்தான்.

"எறங்குலே. ஆம்பளன்னா எறங்கி வாலே."

கதவில்லாத பழைய ஜீப்பு அது. மறுபக்கம் தாவி, கையாலையில் கால் வைத்து ஏறி முன்பக்கம் குதித்தேன். குதிக்கும்போது என் கையில் ஜாக்கி லிவர் இருந்தது. அதை எப்போது எடுத்தேன் என்று எனக்கு இன்றுவரை நினைவில்லை. முதல் அடி அவன் இடது தோளில் விழுந்தது. பாரை கீழே விழுந்தது. அவன் தலையால் என் மூக்கில் முட்டினான். வாயெல்லாம் ரத்தம் உப்புக் கரித்தது. அவனுக்கு ஐம்பத்தெட்டு வயது, எனக்கு ஐம்பத்தைந்து. இருவருக்கும் சர்க்கரை, இருவருக்கும் பிரஷர். இரண்டு பேரும் மண்ணில் கட்டிப் புரண்டோம். கடைசியில் மயினிதான் நொண்டிக்கொண்டே ஓடி வந்தாள். அண்ணன் மனைவியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து, தெருவில் நாய்களைப் பிரிப்பதுபோல எங்கள் தலையில் ஊற்றினாள். அது மீன் கழுவிய தண்ணீர்.

எழுந்து நின்றபோது அவன் தோள் தொங்கியது. என் மூக்கு ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. எனக்கு வலிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருடம் கழித்து அவன் மேல் ஒரு அடி சரியாக விழுந்துவிட்டது என்ற சந்தோஷம்.

எங்கள் வீட்டில் வாயைவிடக் கைதான் முந்தும். அதை அப்பாவிடமிருந்து வாங்கிக்கொண்டோம். அப்பா கீரிப்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் டிரைவர். அங்கே ஓட்டிய ஜீப்பையே பிறகு ஏலத்தில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். டீசல் வண்டி, தார்ப்பாய்க் கூரை, ஸ்டார்ட் செய்தால் பூதப்பாண்டியில் கேட்கும் என்று ஊரில் கேலி செய்வார்கள். அந்த ஜீப்பில் தேய்ந்துபோன ஃபேன் பெல்ட்டை அப்பா தூர எறிய மாட்டார். எங்களை அடிக்க அடுக்களை வாசலில் ஆணியில் தொங்கவிட்டிருப்பார். அது முதுகில் பட்டால் பட்டையாக ஒரு கறுப்புத் தடம் வரும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு போவோம்.

எங்கள் வீட்டு வழியில் வண்டியைத் திருப்ப இடம் கிடையாது. அதனால் ரோட்டிலிருந்து பின்பக்கமாகவே உள்ளே வர வேண்டும். அப்பா ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் அண்ணன்தான் பின்னால் நிற்பான். அவனுக்குப் பத்து வயதிருக்கும். "வரட்டு, வரட்டு" என்று கையை ஆட்டுவான். போதும் என்றால் "மதி" என்று கத்துவான். எங்கள் பக்கம் போதும் என்பதற்கு மதி என்போம். அப்பாவுக்கு அதில் ஒரு சட்டம் உண்டு.

"பெறத்த நிக்கியவன் சொல்லுததுதான் கணக்கு. அவன் மதின்னா மதி. அதுக்கு மேல ஒரு விரக்கட வண்டி போவப்படாது."

வண்டி சுவரில் உரசினால் அண்ணனுக்கு பெல்ட் அடி. சும்மா பார்த்துக்கொண்டு நின்றதற்காக எனக்கும் அடி. ஆகவே அந்த "மதி" என்கிற சத்தம் எங்கள் இருவர் உடம்பிலும் ஏறியிருந்தது. தூக்கத்தில் சொன்னால்கூட என் கால் பிரேக்கைத் தேடும்.

வழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லாக் கூத்தும் அதற்காகத்தான். ரோட்டை ஒட்டி அண்ணன் வீடு, அதற்குப் பின்னால் என் வீடு. அண்ணன் வீட்டு அடுக்களையை ஒட்டிப் போகும் வழிதான் எனக்கு ரோட்டுக்குப் போக ஒரே வழி. சொத்தைப் பிரித்து ஆதாரம் எழுதியபோது, பத்திரத்தை எங்கள் ஊரில் ஆதாரம் என்போம், அப்பா வழியை டேப் வைத்து அளக்கவில்லை. ஜீப்பை ஓட்டிக் காட்டினார். இரண்டு பக்கமும் ஒரு சாண் விட்டுக் கம்பு நட்டார்கள். எழுதுகிறவரும் அப்படியே எழுதிவிட்டார்: "ஜீப்பு வண்டி போய்வரும் அளவுக்குள்ள வழி." அடிக்கணக்கு ஒன்றும் கிடையாது.

அப்பா போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் அந்த வரியை ஒரே மாதிரிப் புரிந்துகொண்டோம். எங்கள் வாழ்க்கையில் நாங்கள் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான். ஜீப்பு ஓடுகிறவரைக்கும் வழி ஜீப்பகலம். ஜீப்பு ஓடாமல் போனால் வழி வெறும் நடைபாதை. அதனால் அண்ணன் ஜீப்பு சாகட்டும் என்று காத்திருந்தான். நான் அதைச் சாகவிடாமல் பார்த்துக்கொண்டேன். எனக்கு ஐ.டி.ஐ.யில் வெல்டிங் சொல்லிக்கொடுக்கும் வேலை. ஓட்டை விழுந்த இடத்திலெல்லாம் தகடு வைத்துப் பற்றவைத்தேன். பழைய தகட்டைவிட என் வெல்டிங்தான் அந்த வண்டியில் அதிகம். எந்தத் தேவையும் இல்லாவிட்டாலும் சனிக்கிழமை தோறும் வண்டியை எடுத்து ரோடுவரை போய்த் திரும்புவேன், வழி உயிரோடிருக்கிறது என்று காட்டுவதற்காக. அப்போது அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இன்னும் சாவல்லியா?" என்பான். வண்டியைக் கேட்கிறானா என்னைக் கேட்கிறானா என்று தெரியாது. ஒரு வக்கீலிடம் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தோற்றுவிடுவோமோ என்ற பயம் இருவருக்கும் இருந்தது. போகவில்லை.

அவன் மஸ்கட்டில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்தவன். வந்ததும் வீட்டுக்கு முன்னால் காருக்கு ஒரு போர்ட்டிகோ கட்ட ஆசைப்பட்டான். அதற்கு என் வழியில் பாதி வேண்டும். கேட்டான், நான் தரவில்லை. இப்படி நாலைந்து வருடம் உறுமிக்கொண்டே ஓடியிருக்கும். அப்போதுதான் என் மனைவி விழுந்தாள்.

எங்கள் குளிமுறி, அதாவது குளியலறையும் கக்கூசும், வீட்டுக்கு வெளியே, இரண்டு படி இறங்கிப் போக வேண்டும். ஒரு மழை நாளில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தாள். டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: படி கூடாது, குத்தவைக்கக் கூடாது. வெஸ்டர்ன் கிளாசெட், பிடித்துக்கொள்ள சுவரில் கம்பி, வாசலில் வாக்கர் ஏறும்படி ஒரு சரிவு, இவ்வளவும் வேண்டும். அதுவரை நானும் அயல்வீட்டு அக்காவும் அவளை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போவோம். கூச்சத்தால் அவள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டாள். உதடு வெடித்துக் கிடந்தது.

"எனக்குச் சீக்கிரம் ஒரு கக்கூசு கெட்டித் தாருங்க. இல்லேன்னா என்னக் கொன்னு போடுங்க" என்றாள் ஒருநாள்.

லாரி எங்கள் வழியில் நுழையாது, டெம்போவும் நுழையாது. ஜீப்புதான். மணல், செங்கல், கோட்டாற்றில் வாங்கிய குழாய்கள், கிளாசெட், டைல்ஸ் பெட்டி எல்லாவற்றையும் அதிலேயே ஏற்றி வந்தேன். முதல் நடையிலேயே வழியில் ஒரு அயனிமரத் தடி குறுக்கே கிடந்தது. கோடாலி எடுத்து வெட்டித் தள்ளினேன். வெட்டுகிறபோது அண்ணன் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு வெட்டையும் அவன் கழுத்தை நினைத்துத்தான் போட்டேன். அடுத்த நடைக்கு வழி முழுக்க பாட்டில் துண்டு. பெருக்கி அள்ளி அவன் வாசலிலேயே கொட்டினேன். மயினி அதில் மிதித்துக் கால் கிழிந்து இரண்டு தையல் போட்டாள். அதற்கு மறுநாள்தான் அவன் பாரையோடு வந்து கண்ணாடிகளை உடைத்தது.

எங்கள் சபைப் போதகர் சமாதானம் பேச வந்தார். நல்ல மனிதர், வெளியூர்க்காரர், எங்கள் குணம் தெரியாது. அண்ணன் ஒரு கையைக் கழுத்தில் கட்டிய தூளியில் போட்டிருந்தான், எனக்கு மூக்கில் பிளாஸ்திரி. ஜெபம் பண்ணிவிட்டு, கை கொடுங்கள் என்றார். கொடுத்தோம். அவன் என் விரல்களை நொறுங்கும்படி நெரித்தான். நானும் நகத்தால் அவன் உள்ளங்கையைக் கீறினேன். இரண்டு பேர் முகத்திலும் சிரிப்பு. போதகர் திருப்தியாகக் காப்பி குடித்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அண்ணன் மறைந்திருந்து தாக்குவதை விட்டுவிட்டான். நேராகவே செய்தான். ரோட்டிலிருந்து வழி தொடங்குகிற இடத்தில், வழிக்குள் பாதி வருகிற மாதிரி குழி தோண்டி, கம்பி கட்டி, போர்ட்டிகோவுக்கு ஒரு தூண் வார்த்துவிட்டான். நான் வேலைக்குப் போயிருந்த பகலில் முடித்துவிட்டார்கள். சாயங்காலம் வந்து பார்த்தால் பலகை அடித்த தூண் நிற்கிறது. ஜீப்பு ரோட்டில் என்னோடு நிற்கிறது. உள்ளே போக வழியில்லை.

மனைவியிடம் சொன்னேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். குளிமுறிக்குச் சுவர் எழும்பியிருந்தது. கிளாசெட் பெட்டி பிரிக்காமல் மூலையில் இருந்தது. வாசல் சரிவுக்கு வேண்டிய கல்பலகைகள்தான் பாக்கி. வழுக்காமல் இருப்பதற்காக மயிலாடியில் சொல்லி, மேலே கொத்திய கருங்கல் பலகை மூன்று தயாராக இருந்தன. ஈரக் கான்கிரீட் இறுகிவிட்டால் தூண் தூண்தான். பிறகு கோர்ட்டு, கேஸு, பத்து வருடம். இறுகுவதற்கு முன்னால் இடித்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். எதால் இடிப்பது என்றும் யோசித்தேன். அந்த யோசனை வந்தபோது மனம் குளிர்ந்ததை மறைக்க மாட்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மயிலாடிக்குப் போனேன். மூன்று பலகைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றச் சொன்னேன். பின்கதவைத் தாழ்த்தி, கல் வண்டிக்கு வெளியே இரண்டு முழம் நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்தேன். ஏற்றியவர்கள், "உள்ள தள்ளி வையுங்க, ஆபத்தாக்கும்" என்றார்கள். வேண்டாம் என்றேன். கயிறு போட்டுக் கட்டினேன். பழைய கயிறு. எல்லாம் எனக்குத் தெரியும்.

ரோட்டில் வண்டியைத் திருப்பி, பின்பக்கத்தைத் தூணுக்கு நேராக வைத்தேன். கண்ணாடிகள் இல்லை, உடைந்த தண்டுகள் மட்டும் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தன. அதனால் இருக்கையில் உடம்பைத் திருப்பி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பின்னால் பார்த்தபடி ரிவர்ஸ் எடுத்தேன்.

சத்தம் கேட்டு அண்ணன் வெளியே ஓடி வந்தான். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தூணுக்கு முன்னால் போய் நின்றான். இரண்டு கையையும் விரித்தான். முந்தைய அடியில் தோள் இன்னும் சரியாகாததால் இடது கை பாதிதான் உயர்ந்தது.

"வாலே. வந்து இடிலே. என்ன இடிச்சிட்டுத் தூண இடிலே."

"மாறு அண்ணே."

"மாற மாட்டேம்லே. இது எனக்க மண்ணு."

"வழி என்னது. மாறிப் போ. எனக்கு நல்ல கோவம் வருது, சொல்லிட்டேன்."

அவன் காறித் துப்பினான். எச்சில் கல்லின் முனையில் விழுந்தது. நான் கிளட்சை விட்டேன். கால் வழுக்கவில்லை. யாரும் தள்ளவில்லை. நானாகத்தான் விட்டேன். வண்டி பின்னால் போனது. கல் அவன் வயிற்றுக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தது. அவன் கண்ணும் என் கண்ணும் நேருக்கு நேர் பார்த்தன. அவன் முகம் மாறியது. கை விரித்திருந்தவன் சட்டென்று வலது கையை முன்னால் நீட்டி, பத்து வயதில் கத்திய அதே குரலில் கத்தினான்.

"மதி! மதி!"

எனக்குக் கேட்டது. இஞ்சின் சத்தம் காதை அடைத்தது என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன். கேட்டது. கால் தானாகவே பிரேக்குக்குப் போயிற்று. நான் அதைப் போகவிடவில்லை. இன்னும் இரண்டடி போகட்டும், அவன் கொஞ்சம் பயப்படட்டும், ஒருதடவையாவது என்னைக் கண்டு பயப்படட்டும் என்று நினைத்தேன். அப்படி வார்த்தைகளாகவே நினைத்தேன். பிறகுதான் பிரேக்கை மிதித்தேன்.

வண்டி நின்றது. கல் நிற்கவில்லை. கயிறு அறுந்து, மூன்று பலகைகளும் பின்கதவு வழியாக வழுக்கிப் போயின. அண்ணன் ஒரு பக்கமாக விலகப் பார்த்தான். முதல் பலகை அவன் வலது காலைத் தூணின் அடியோடு சேர்த்து நசுக்கியது. இரண்டாவது பலகை அதன்மேல் விழுந்தது. பச்சைக் கம்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம். அதற்குப் பிறகு அவன் போட்ட அலறல் மனிதர் அலறல்போல இல்லை.

நான் ஓடிப் போய்க் கல்லைத் தூக்கப் பார்த்தேன். ஒற்றை ஆளால் அசைக்க முடியுமா? நகம் இரண்டு பெயர்ந்து வந்தது. ரப்பர் விளையில் பால் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்தார்கள். நாலு பேர் சேர்ந்து புரட்டித் தள்ளினோம். முழங்காலுக்குக் கீழே கால் என்று சொல்ல ஒன்றுமில்லை. கைலியும் சதையும் எலும்பும் ஒன்றாக இருந்தன. மயினி தன் சேலைத்தலைப்பைக் கிழித்துத் தொடையில் இறுக்கிக் கட்டினாள். அவள் அழவில்லை. என்னைப் பார்த்து, "வண்டிய எடுடா சண்டாளா" என்று மட்டும் சொன்னாள். முப்பது வருடத்தில் அவள் என்னை "டா" என்று சொன்னது அன்றுதான்.

அதே ஜீப்பில், கல் கிடந்த இடத்தில் அவனைக் கிடத்தி நாகர்கோவில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஒவ்வொரு குழியிலும் அவன் கத்தினான். பூதப்பாண்டி தாண்டியதும் கத்துவதை நிறுத்திவிட்டான். செத்துவிட்டான் என்று நினைத்தேன். ஆண்டவரே, அவனை எடுக்காதேயும், என் காலை எடுத்துக்கொள்ளும் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். முதல்நாள் அவன் சாகட்டும் என்று கேட்டதும் அதே வாயால்தான்.

காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் எஸ்.ஐ. வந்தார். எங்கள் சண்டை ஊர் முழுக்கத் தெரியும். நான் வார்டு வராந்தாவில் நின்றேன். அவர் உள்ளே போனதும் அண்ணன் என்னைக் கைகாட்டுவான், நான் விலங்கோடு போவேன் என்று தயாராகவே இருந்தேன். கதவு திறந்திருந்தது. அண்ணன் குரல் மெலிந்து கேட்டது.

"கண்ணாடி இல்லாத வண்டி, சாரே. அவன் எப்பிடிக் காணுவான்? கண்ணாடிய ஒடச்சது நானாக்கும். கல்லு சரிஞ்சு விழுந்துது. வேற ஒண்ணும் இல்ல."

"வேணும்னே மெனக்கெட்டு இடிச்சான்னு சொல்லுதாவளே?"

"சொல்லுதவன் காணல்ல. நானாக்கும் பெறத்த நின்னேன்."

எஸ்.ஐ. வெளியே வந்து சண்டைக்குக் காரணம் கேட்டார். பையில் வைத்திருந்த ஆதார நகலைக் காட்டினேன். எங்கள் பக்கத்து ஆள்தான், இதுபோல நூறு வழிச் சண்டை பார்த்தவர். அந்த வரியை விரலால் தொட்டுப் படித்தார்.

"ஜீப்புன்னு எழுதினது அகலத்துக்குல்லா? வண்டி இருந்தா என்ன, இல்லாட்டா என்ன? எப்பவும் அந்த அகலம் அந்த அகலம்தான். ஒரு ஆளுட்ட கேக்கப்படாதா?"

கேட்டிருக்கலாம். ஒரு கையெழுத்துப் போடுகிற நேரத்தில் கிடைத்திருக்கக்கூடிய பதில் அது. அதற்காகத்தான் நான் இத்தனை வருடம் துருவைப் பற்றவைத்தேன், அவன் கண்ணாடியை உடைத்தான், ஒரு கால் போயிற்று. வராந்தாச் சுவரில் என் தலையை இரண்டு தடவை முட்டினேன். எஸ்.ஐ. தோளைப் பிடித்து நிறுத்தினார். பாசம் என்று நினைத்திருப்பார்.

வீட்டுக்கு வந்தபோது மயினி கம்பிப்பாரையால் தூணை இடித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியை உடைத்த அதே பாரை. ஒவ்வொரு இடிக்கும் அண்ணனை ஒரு கெட்ட வார்த்தை, என்னை ஒரு கெட்ட வார்த்தை. நான் பாரையை வாங்கப் போனேன். பாரையின் முனையை என் நெஞ்சுக்கு நேராக நீட்டினாள். விலகிப் போனேன். தூண் நன்றாக இறுகியிருந்தது. மூன்று நாள் இடித்துத்தான் தள்ளினாள்.

குளிமுறியை முடித்தேன். வாசல் சரிவுக்கு அந்தக் கற்களைப் போடலாமா என்று மனைவியிடம் கேட்டேன்.

"அந்தக் கல்லுல நான் கால் வைக்க மாட்டேன்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "நான் சன்னல்ல இருந்து பாத்துட்டுதான் இருந்தேன். நீங்க திரும்பிப் பாத்துதான் வண்டிய எடுத்திய."

அதற்குமேல் அவள் அதைப் பற்றிப் பேசியதில்லை. சரிவை சிமெண்டில் போட்டேன். கற்கள் ரோட்டோரம் புரட்டிப்போட்ட இடத்திலேயே கிடந்தன. மழை பெய்து கறை போய்விட்டது. ஜீப்புக்குக் கண்ணாடி மட்டும் நான் மாட்டவில்லை. கோட்டாற்றில் அந்தக் கடையைத் தாண்டித்தான் போவேன், வாங்கத் தோன்றாது. உண்மையில் பயம். கண்ணாடி இல்லாததுதானே ஊருக்கு நான் வைத்திருந்த சாட்சி.

நாலைந்து மாதம் கழித்து மயினி என் வாசலில் வந்து நின்றாள்.

"தம்பி, அண்ணனுக்கு அடுக்கள நடையில ஒரு சரிவு போடணும். ரோட்டுல கெடக்குத கல்லத்தான் போடணுமாம். நல்ல மயிலாடிக் கல்லு, வெறுதே கெடக்குல்லான்னு சொல்லுதாவ. நீங்க ஜீப்புல ஏத்திக் கொண்டாருவியளாம்."

ரோட்டோரத்துக்கும் அந்த அடுக்களை வாசல் நடைக்கும் எத்தனை தூரம்? நாலு ஆள் பிடித்துத் தூக்கினால் ஒரு மூச்சில் வந்துவிடும். எதற்கு ஜீப்பு என்று நான் கேட்கவில்லை. அவன் கூப்பிட்டால் போக வேண்டிய நிலைமையில் நான் இருந்தேன்.

நாலு ஆட்கள் கல்லை ஏற்றினார்கள். இந்தத் தடவை உள்ளே தள்ளி வைத்து, புதுக் கயிறு போட்டு மூன்று சுற்றுக் கட்டினேன். கட்டியதை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். ஆட்கள் அடுக்களை நடைக்குப் போய்க் காத்து நின்றார்கள். நான் வண்டியில் ஏறியபோது அண்ணன் வந்தான். ஒரு கக்கத்தில் ஊன்றுகோல். வலது பக்கம் கைலி காற்றில் ஆடியது. ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவன் என்னிடம் பேசியதில்லை.

"கண்ணாடி இல்லல்லா. நான் பெறத்த நிக்கேன்" என்றான்.

"வேண்டாம் அண்ணே. அவுங்கள்ல ஒருத்தர் நிக்கட்டு."

"நான் நிக்கேன்னு சொன்னேன்."

போய் நின்றான், வண்டிக்கு நேர் பின்னால், ஓரமாகக்கூட இல்லை.  எனக்குத் திரும்பிப் பார்க்க முடியவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. ரிவர்ஸ் போட்டு, கிளட்சை மயிரிழையாக விட்டேன்.

"வரட்டு. வரட்டு. கொஞ்சம் எடது. ஆ, வரட்டு."

அதே குரல். கொஞ்சம் கரகரப்பு, அவ்வளவுதான். வண்டி தூண் நின்ற இடத்தைத் தாண்டியது. அடுக்களைச் சுவர் என் தோளுக்குப் பக்கத்தில் ஊர்ந்தது. ஊன்றுகோல் மண்ணில் குத்திக் குத்திப் பின்வாங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது.

"மதி."

அவன் சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. நான் பிரேக்கை மிதித்த மிதியில் இஞ்சின் அணைந்துவிட்டது. கல் கயிற்றில் முனகி நின்றது.

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு சாண் இடைவெளியில் பக்கவாட்டாக உடம்பைத் திருப்பி, என் பக்கம் வந்தான். மூச்சு வாங்கியது.

"நடைக்கு இன்னும் ரெண்டடி கெடக்கு. என்னத்துக்கு நிப்பாட்டின?"

"நீ மதின்னியே."

"அவ்வளவு மெதுவாச் சொன்னேன். இந்த இஞ்சின் சத்தத்துல கேட்டுதா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது, ஏன் ஜீப்பு, ஏன் இந்தக் கல், ஏன் அவனே பின்னால் நின்றான் என்று. ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எஸ்.ஐ.யிடம் சொன்னது, ஊரில் சொன்னது, போதகரிடம் அழுதுகொண்டே சொன்னது எல்லாம் நினைவுக்கு வந்தன.

"கேக்கும் அண்ணே" என்றேன். "அன்னைக்கும் கேட்டுது."

 அவன் கக்கத்திலிருந்து ஊன்றுகோலை எடுத்தான். அடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். அடிக்கட்டும், மண்டையைப் பிளக்கட்டும் என்று ஆசையாகவே இருந்தது. தலையைக் குனிந்து காட்டினேன். அவன் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, கைலியை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டான். பிறகு அதை எடுத்து மறுபடியும் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"செரி. இன்னும் ரெண்டடி வரட்டு" என்று சொல்லிவிட்டு, வண்டிக்குப் பின்னால் போய் நின்றான்.